நூறு சதவீதப் பசுமை மின்சாரம் என்றால் உமிழ்வே இல்லை என்று அர்த்தமில்லை

இந்த வாரமும் ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் நிலைத்தன்மை அறிக்கை மதிப்பீட்டுக்கு வந்தது. 'நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், ஆகவே டேட்டா சென்டர் மின்சாரத்தின் உமிழ்வு (பசுமை இல்ல வாயு) பூஜ்யம்' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முதலீட்டுக் குழுவும் அதை நம்பி முழு மதிப்பெண் கொடுத்திருந்தது. இதையே எத்தனை தடவை விளக்குவது?

நடப்பது இதுதான். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் ஓடுகிறது. அப்போது உள்ளூர் மின்கட்டமைப்பில் வருவது பெரும்பாலும் நிலக்கரி, எரிவாயு மின்சாரமாக இருக்கலாம். நிறுவனம் வேறெங்கோ பகலில் உற்பத்தியான சூரிய மின்சாரத்துக்கான சான்றிதழை வாங்கி, ஆண்டுக் கணக்கில் நேர்செய்துகொள்கிறது. கணக்கியல் விதி இதை அனுமதிக்கிறது, பொய்க்கணக்கு இல்லை. ஆனால் அந்த ராத்திரி புகைபோக்கியிலிருந்து போன புகை போனதுதான். இதற்காகத்தான், நிறுவனங்கள் உமிழ்வைக் கணக்கிடப் பின்பற்றும் சர்வதேசத் தரநிலையான ஜிஹெச்ஜி புரோட்டோகால் 2015-இல் வெளியிட்ட ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரத்தின் உமிழ்வு) வழிகாட்டுதல் இரண்டு எண்களைக் கேட்கிறது: சான்றிதழ், ஒப்பந்தங்களைக் கணக்கில் எடுத்த சந்தை சார்ந்த எண் ஒன்று, அந்த இடத்து மின்கட்டமைப்பின் சராசரியை வைத்துப் போட்ட இடம் சார்ந்த எண் இன்னொன்று. நான் பார்த்த அறிக்கையில் இரண்டாவது எண் பின்னிணைப்பு அட்டவணையின் கடைசி வரியில் கிடந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டும் இருந்தது.

நீண்டகால ஒப்பந்தம் போட்டு, புதிய காற்றாலையோ சூரிய நிலையமோ எழக் காரணமாகும் நிறுவனங்களும் உண்டு. அவர்களையும் வெறும் சான்றிதழ் வாங்குபவர்களையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமில்லை.

கூகுள் 2017 முதல் தன் ஆண்டு மின்நுகர்வு முழுவதற்கும் ஈடாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்கிவருகிறது. அப்படியிருந்தும் 2023-இல் அதன் மொத்த உமிழ்வு 1.43 கோடி டன், 2019-ஐவிட 48 சதவீதம் அதிகம். டேட்டா சென்டர் மின்சாரமும் சப்ளை செயினும்தான் காரணம் என்று நிறுவனமே சொல்கிறது. மைக்ரோசாஃப்டின் 2024 அறிக்கையில் ஸ்கோப் 1 (நிறுவனமே நேரடியாக வெளியிடுவது), ஸ்கோப் 2 சேர்த்து 2020-ஐவிட 6.3 சதவீதம் குறைந்தது, ஸ்கோப் 3 (சப்ளை செயின் போன்ற மற்ற மறைமுக உமிழ்வு) மட்டும் 30.9 சதவீதம் கூடியது. அதன் உமிழ்வில் 96 சதவீதத்துக்கு மேல் ஸ்கோப் 3-தான். சிப், சர்வர், கட்டடத்துக்கான சிமென்ட், இரும்பு எல்லாம் அதில் வருபவை. வெளிப்படையாகச் சொன்னதால்தான் இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது.

அப்புறம், பி.யூ.இ. (டேட்டா சென்டரின் மொத்த மின்சாரத்தை சர்வர் போன்ற கணினிக் கருவிகளுக்கான மின்சாரத்தால் வகுத்து வரும் எண்) 1.1 என்று யாராவது காட்டினால் உடனே தலையாட்டாதீர்கள். குளிரூட்டல் போன்றவற்றுக்குக் கூடுதலாக எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதைத்தான் அது சொல்லும். முழுக்க நிலக்கரியில் ஓடும் இடத்திலும் அதே 1.1 வரலாம்.

அறிக்கையைப் பின்னிணைப்பிலிருந்து படியுங்கள். ஸ்கோப் 3-இன் 15 வகைகளில் எதை விட்டிருக்கிறார்கள், ஏன் என்று பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை ஆண்டு நடுவில் மாறியதா? ஈட்டுக் கிரெடிட்டுகளை (வேறெங்கோ உமிழ்வு குறைக்கப்பட்டதாகக் காட்டக் காசு கொடுத்து வாங்குபவை) கழிக்கும் முன் மொத்தம் எவ்வளவு? வருமானத்தில் ஒரு கோடிக்கு இத்தனை டன் என்ற கணக்கு இறங்கும்போதே மொத்த டன் ஏறலாம், இரண்டையும் கேளுங்கள். வெளித் தணிக்கை எந்த எண்களுக்கு என்பதையும் பாருங்கள், எல்லாவற்றுக்கும் இருக்காது.

மதிப்பீட்டுக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இடம் சார்ந்த எண் அறிக்கையில் இல்லையென்றால் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். பதில் வரும்வரை மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுவையுங்கள்.