ஃபைல் பெயரை நம்பாதே, தம்பி

சித்தப்பா மகன் பழைய நிகான் டி750 கேமரா ஒன்றை வாங்கப் போனான். அங்கிருந்தே ஃபோன். "அண்ணே, ஃபைல் பேரு டிஎஸ்சி_2140-ன்னு இருக்கு. ரெண்டாயிரம் படம்தான் எடுத்திருக்காங்க போல, புதுசு மாதிரிதான்!"

அந்த எண்ணுக்கு நாலு இலக்கம்தான் இடம். 9999 முடிந்ததும் மறுபடி 0001. போதாக்குறைக்கு, மெனுவுக்குள் போய் யார் வேண்டுமானாலும் அதை முதலிலிருந்து தொடங்க வைக்கலாம். ஆக 2140 என்பது 12,140 ஆகவும் இருக்கலாம், 1,02,140 ஆகவும் இருக்கலாம்.

தெரிய வேண்டியது ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்பது. டி750 போன்ற டிஜிட்டல் எஸ்எல்ஆர் கேமராவில், படத்தைப் பதியும் சென்சாருக்கு முன்னால் மெல்லிய தகடுகளால் ஆன இரண்டு திரைகள் இருக்கின்றன. அவைதான் ஷட்டர். பட்டனை அழுத்தியதும் உள்ளே கண்ணாடி மேலே எழும்பும், முதல் திரை விலகும், இரண்டாவது திரை பின்னாலேயே வந்து மூடும். ஒவ்வொரு திரையும் சென்சாரின் 24 மில்லிமீட்டர் உயரத்தை ஐந்து மில்லி செகண்டுக்குள் கடந்துவிட்டுச் சட்டென்று நிற்க வேண்டும். 1/4000 செகண்ட் வேகத்தில் வைத்தால் முதல் திரை முழுசாக விலகுவதற்கு முன்பே இரண்டாவது கிளம்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடுக்கு மட்டும் சென்சாரின் மேல் ஓடுகிறது. ஸ்பிரிங்கும் தகடும் படத்துக்குப் படம் வாங்கும் அடி இது. கேமராவில் அதிகம் தேய்வது இந்த இடம்தான்.

டி750-இன் ஷட்டரை 1,50,000 தடவை இயக்கிச் சோதித்திருப்பதாக நிகான் சொல்கிறது. அதற்காக 1,50,001-ஆவது படத்தில் உயிர் போய்விடும் என்று அர்த்தமில்லை. அதற்கு மேலும் ஓடுவது உண்டு, பாதியில் நிற்பதும் உண்டு. 2014-இல் வந்த இதே மாடலில் ஒரு பகுதி கேமராக்களுக்கு ஷட்டர் கோளாறு வரலாம் என்று நிகானே அறிவித்து, இலவசமாகச் சரிசெய்து கொடுத்தது. அவை தேய்ந்துபோன கேமராக்கள் அல்ல.

சரி, ஷட்டர் அடித்த எண்ணிக்கையை எங்கே பார்ப்பது? நிகான் அதை ஒவ்வொரு படத்துக்குள்ளேயும் எழுதி வைக்கிறது. தேதி, லென்ஸ், வேகம் எல்லாம் பதியும் எக்ஸிஃப் தகவலில், நிறுவனத்துக்கென்று ஒதுக்கிய பகுதி ஒன்று உண்டு. எண் அதில் இருக்கும். பில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். கேனானில் பெரும்பாலான மாடல்கள் படத்தில் எழுதுவதில்லை. யுஎஸ்பி கேபிளில் இணைத்துக் கேமராவிடமே கேட்க வேண்டும்.

தம்பி முதலில் அனுப்பியது வாட்ஸப்பில் சுருங்கி வந்த படம். அதில் ஒன்றுமே இல்லை, தகவல் மொத்தமும் உதிர்ந்திருந்தது. "டாகுமென்ட்டா அனுப்புடா" என்றேன். இரண்டாவது படத்தில் ஷட்டர் கவுண்ட் 86,000-ஐத் தாண்டியிருந்தது. கல்யாணத்துக்கு 2,000 படம் என்று வைத்தால் 43 கல்யாணம் பார்த்த கேமரா.

எண் பெரிது என்பதற்காக நான் ஒதுக்க மாட்டேன். எண் சின்னதாக இருந்து உடம்பு தேய்ந்திருந்தால்தான் சந்தேகப்படுவேன். ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவில் பெயின்ட் போய் உலோகம் பல்லிளிக்கிறது, பிடியின் ரப்பர் கழன்று வருகிறது, ஆனால் கவுண்ட் 5,000 என்றால் ஷட்டரை மாற்றினீர்களா என்று கேட்க வேண்டும். புது ஷட்டர் போடும்போது எண்ணையும் பூஜ்யமாக்கிக் கொடுப்பது உண்டு. வீடியோவிலேயே உழைத்த கேமராவாகவும் இருக்கலாம்: ஒரு மணி நேரம் ஓடினாலும் திரை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அடிப்பதில்லை, எண் ஏறாது. நிகான் இசட்9 கேமராவுக்கு ஷட்டர் தேயும் கவலையே கிடையாது, அதில் மெக்கானிக்கல் ஷட்டரே இல்லை.

அங்கேயே இரண்டு படம் எடுக்கச் சொன்னேன். வெள்ளைச் சுவரை 1/4000-இல் ஒன்று. திரைகளில் ஒன்று சோர்ந்து பின்தங்கினால் இடுக்கின் அகலம் மாறும், படத்தின் மேலோ கீழோ இருட்டடிக்கும். இன்னொன்று லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப்/16-இல், அதே சுவர். துளை சிறுத்தால் ஒளி குறுகி வரும். சென்சார் மேல் ஒட்டிய தூசியின் நிழல் கூர்மையாக விழும்.

முதல் படம் மேலிருந்து கீழ்வரை ஒரே வெளிச்சம். இரண்டாவதில் வலது மூலையில் மூன்று கரும்புள்ளிகள். அதைக் காட்டி, சென்சார் துடைக்கிற கூலியை விலையில் கழித்துத்தான் தம்பி வாங்கி வந்தான்.