கைவிடப்பட்ட முகாம்களின் படங்களை இருட்டாக்காதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படையினர் விட்டுச் சென்ற முகாம்களையும் சென்றிகளையும் படமெடுக்கும் இளைஞர்கள் பெருகியிருக்கிறார்கள். நல்ல விடயம். ஆனால் கணினியில் திருத்தி முடித்ததும் அந்தப் படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலாகிவிடுகின்றன: வானம் நிறையக் கருமேகம், சுவர் கன்னங்கறுப்பு, யன்னலால் மட்டும் ஒரு வெளிச்சக் கீற்று. பார்க்கிறவருக்குப் பேய்வீடு தெரிகிறது, கட்டடம் தெரிவதில்லை. படங்களைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இவற்றில் பல, முகாமாகக் கட்டப்பட்டவையே அல்ல. யாரோ ஒருவரின் வீடு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு சங்கக்கடை. கிழக்கில் 2007 இல் சண்டை ஓய்ந்தது, 2009 இல் போர் முடிந்தது. அதன் பின் விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பியவர்களில் எத்தனையோ பேருக்கு மிஞ்சியிருந்தவை அந்தச் சுவர்கள்தாம். அவையும் மழையிலும் ஆலம் வேரிலும் கரைந்துகொண்டிருக்கின்றன. நாளைக்குப் படம் மட்டும்தான் இருக்கும்.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு படம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் முகாமாக இருந்த வீடொன்றின் உள்ளறை. யன்னலுக்குக் கீழே சுவரை உடைத்துத் துப்பாக்கி நீட்டுவதற்கு ஒரு துவாரம் வைத்திருந்தார்கள். அதனூடாக வெயில் வெள்ளையாகக் கொட்டுகிறது, மறுபாதி அறை இருட்டு. அந்த இருட்டை இன்னும் கூட்டித் தரும்படிதான் எடுத்தவர் கேட்டார். நான் நிழலை மெல்ல உயர்த்திக் காட்டினேன். மூலையில் ஒரு மாடம் வந்தது, அதன் மேல்விளிம்பில் விளக்குப் புகை படிந்த கரி. பச்சைப் பெயின்ற் உரிந்த இடத்தில் பழைய நீல டிஸ்டம்பர். பச்சையின் மேல் கரித்துண்டால் சிங்களத்தில் எழுதிய பெயர்வரிசை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு நேரம். காவல்முறை அட்டவணையாக இருக்க வேண்டும். அந்த வீட்டில் சாமி கும்பிட்டவர்களும், பிறகு அங்கே இரவிரவாக விழித்திருந்த சிப்பாய்களும் ஒரே சுவரில் இருக்கிறார்கள். கறுப்பை ஓர் இழுவை கூட்டியிருந்தால் அத்தனை பேரும் மறைந்திருப்பார்கள்.

இதற்கான வேலை எடுக்கும்போதே தொடங்குகிறது. வெளிச்சம் எரிந்து வெறும் வெள்ளையாகிப்போன இடத்தில் எந்த மென்பொருளாலும் எதையும் மீட்க முடியாது. நிழலில் அப்படியல்ல, புள்ளி புள்ளியாக இரைச்சல் இருந்தாலும் அதற்குள் விபரம் தங்கியிருக்கும். ஆகவே வெளி வெயிலுக்கு வெளிச்சத்தை அளந்து எடுங்கள், கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாகவே எடுங்கள். சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான் உண்டு, 14 பிட் ரோ கோப்பில் 16,384. நிழலை உயர்த்தும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பங்கருக்குள் இருந்து வெளியே பார்த்து எடுக்கும்போது ஒரே படத்தில் இரண்டையும் அடக்குவது கடினம். கமராவை முக்காலியில் நிறுத்தி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100 இல், இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு அல்லது பாதி) மூன்று படங்கள் எடுத்து இணையுங்கள். இணைத்த பிறகு உள்ளும் புறமும் ஒரே வெளிச்சமாகும்படி தட்டையாக்கிவிட வேண்டாம். உள்ளறை வெளியைவிட இருட்டாகத்தான் இருக்கும், அதுவும் உண்மைதான்.

திருத்தும்போது நான் முதலில் நிறச்சமநிலையைச் சரிபார்ப்பேன். அதைத் தானியங்கியிடம் விட்டிருந்தால் அந்த நீல டிஸ்டம்பர் சாம்பலாகியிருக்கும். அடுத்து ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, குறைத்து வெளி மணலின் நிறத்தை மீட்பேன், பிறகு நிழலை உயர்த்துவேன். கறுப்புக்குக் கடைசியில்தான் கை போகும், அதுவும் மிகச் சிறிதாக. முழுப் படத்துக்கும் ஒரே அளவில் செய்யாமல் மாடம், மூலை, கூரையின் உட்புறம் என்று பகுதி பகுதியாக மாஸ்க் போட்டுச் செய்தால் இரைச்சலும் அடங்கும். லைட்ரூம் என்ற திருத்தும் மென்பொருளை வாங்க வசதியில்லாதவர்களுக்கு டார்க்டேபிள் இலவசமாகவே கிடைக்கிறது. விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி விடயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அதை ஏற்றிவிட்டால் துப்பாக்கிச் சூடுபட்ட சிறு குழிகூட ஆழமான ஓட்டையாகத் தெரியும். நடக்காத ஒன்றைச் சுவரின் மேல் ஏற்றிச் சொல்வதற்கு நமக்கு உரிமை இல்லை.

2015 ஆம் ஆண்டு உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் இறுதிக்கு முந்திய சுற்று வரை வந்த படங்களில் 20 சதவீதம் நீக்கப்பட்டன. எதையாவது வெட்டி ஒட்டியவர்கள் மட்டும் அதில் அகப்படவில்லை. நிழலைக் கறுப்பாக்கி, அதிலிருந்த பொருள்களைக் காணாமற் செய்தவர்களும் அகப்பட்டார்கள். நமது படங்களையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெளிப்புறத்துக்கு ஒரு சொல். ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாட்கள். அப்போது நண்பகலில் தாழ்வாரத்து நிழல் சுவரை மூடிவிடும். மாரியில் மேகம் மூடிய பகல்தான் இந்த வேலைக்கு மிகப் பொருத்தம்.

இனிப் பெர்ஸ்பெக்டிவ். கீழே நின்று கமராவை அண்ணாந்து பிடித்தால் சுவர்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாயும். முதலில் லென்ஸின் வளைவைச் சரிசெய்துவிட்டு அதன் பின்னரே நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே சுற்றிவர இடம் விட்டு எடுங்கள். கட்டடம் மேல்நோக்கி நீண்டுவிடவும் கூடும். கதவு நிலையின் உயரத்தையும் அகலத்தையும் நாடாவால் அளந்து வைத்திருந்தால் அந்த விகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சாய்வு எல்லாம் கமராவின் குற்றம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அம்பாறையின் ஒலுவில் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். அப்படியான ஒரு கரையில் மணல் போய்ச் சரிந்து நிற்கும் கொங்கிறீட் காவலரணை மென்பொருளால் நிமிர்த்தினால், கடல் செய்ததை அழித்துவிடுகிறோம். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டைக்குப் போகிறவர்களும் இதை நினைவில் வைத்திருங்கள். பழைய கோட்டை மதில்களை அடி தடித்து, மேலே போகப் போக உள்வாங்கிக் கட்டுவது வழக்கம், தானியங்கிப் பொத்தானுக்கு அது தெரியாது. மேசன்மார் பிடிக்கும் தூக்குக்குண்டு ஒன்றை நூலோடு சுவரருகே தொங்கவிட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தும்போது அந்த நூலை நிமிர்த்துங்கள், சுவர் தன் சாய்விலேயே நிற்கட்டும். என் கையில் வரும் வேலைகளில் இந்த ஒரு நூல் தீர்த்துவைத்த வாக்குவாதங்கள் ஏராளம்.

உள்ளே போவதற்கு முன் காணி உரிமையாளரிடம் கேளுங்கள். அருகில் இயங்கும் முகாம் இருந்தால் அனுமதி பெறாமல் கமராவைத் தூக்காதீர்கள். மண்மூட்டையையோ இரும்புத் துண்டையோ படத்துக்காகப் புரட்டவே வேண்டாம், அடியில் என்ன வெடிக்காமல் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பொதுவில் போடும் பிரதியிலிருந்து, கோப்புக்குள் பதிவாகியிருக்கும் இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள். பழைய இரும்பு தேடுகிறவர்களுக்கு நாமே வழிகாட்டக் கூடாது.

ரோ கோப்பைத் தொடாமல் இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். உரிமையாளருக்கு ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள். வீட்டுக்கு நேர்ந்ததைக் காட்டப் பிரதேச செயலகத்துக்கு அவர் எடுத்துச் செல்ல வேண்டியும் வரலாம். அதற்கு வெட்டாத, நிறம் மாற்றாத பிரதிதான் உதவும். அச்சிடும்போது, குறிப்பாகப் பளபளப்பில்லாத மற் தாளில், திரையில் தெரியும் நிழல் இன்னும் ஒரு படி மூடிக்கொள்ளும். முதலில் சிறியதாக ஒன்று அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மாடத்துக் கரி தெரியவில்லையென்றால் நிழலை இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டுப் பெரியதை அச்சுக்குக் கொடுங்கள்.