நாற்பது குஞ்சு, பாதி விலை: அரசு தருவது எது, நம் பாடு எது?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரில், நாட்டுக்கோழித் திட்டத்துக்கு மனு வாங்குகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று மாலைக்குள் அது "இலவசக் கோழி" ஆகிவிட்டது. இலவசம் இல்லை, பாதி விலை. அதிலும் முழு விலையை முதலில் எடுத்து வைக்க வேண்டியவர் வாங்குகிறவர்தான். இது தெரியாமல் மனுக் கொடுத்துவிட்டு, பெயர் வந்த பிறகு பணத்துக்கு அலைந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

கணக்கு இதுதான். கால்நடை பராமரிப்புத் துறை, 4 வார வயதுள்ள 40 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு 3,200 ரூபாய் என்று விலை வைத்திருக்கிறது. குஞ்சு ஒன்றுக்கு 80 ரூபாய். சொந்தப் பணத்தில் வாங்கிய பிறகு அதில் பாதி, 1,600 ரூபாய், வங்கிக் கணக்குக்கு வரும். ஊராட்சி ஒன்றியத்துக்கு 100 பேர் வீதம் மாநிலம் முழுவதும் 38,700 பேர். வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு என்று நம் மாவட்டத்தில் ஒன்றியங்கள் 7. ஆக, 700 பேருக்கு இடம். அறிவிப்பு வெளியாகும் ஆண்டில் தொகையையும் கடைசித் தேதியையும் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் மட்டுமே மனுக் கொடுக்கலாம். கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை. 30 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு. அந்த ஊரிலேயே நிரந்தரமாகக் குடியிருக்க வேண்டும். முன்பு அரசின் விலையில்லா மாடு, ஆடு, கோழி பெற்றவர்களுக்கு இதில் இடமில்லை. கிராமப்புறத் திட்டம் என்பதால் மாநகராட்சிக்குள் வந்துவிட்ட சத்துவாச்சாரிக்காரர்கள், கொல்லை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கேட்க முடியாது.

4 வார வயது என்பதில்தான் இந்தத் திட்டத்தின் நல்ல புத்தி இருக்கிறது. ஒரு நாள் குஞ்சை வாங்கினால் பல்பு கட்டி வெப்பம் கொடுத்து, இரவெல்லாம் எழுந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துப்போகும். அந்தக் கண்டத்தைத் தாண்டிய குஞ்சு, மானியம் போக 40 ரூபாய்க்கு வீட்டுக்கு வருகிறது. இதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் குறை சொல்வது கூண்டைப் பற்றி. மேலே சொன்ன 3,200 ரூபாய் குஞ்சின் விலை மட்டும்தான். கூண்டும் தீவனமும் நம் தலையில். எங்கள் அம்மா பழைய மூங்கில் கூடைகளைக் கவிழ்த்து, மேலே அம்மிக்கல்லை வைத்து, அதுவே போதும் என்று இருந்தார். ஒரு விடியற்காலை கூடையை நிமிர்த்தினால் 9 குஞ்சுகள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தன. கீரி மண்ணைப் பறித்து உள்ளே நுழைந்திருக்கிறது. தின்றது ஒன்றைத்தான், மற்றவற்றைக் கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு அடியில் கல் பாவி, சுற்றிலும் நெருக்கமான கம்பிவலை அடித்ததில் மானியத்தைவிட இரண்டு மடங்கு செலவாயிற்று.

தீவனத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 குஞ்சில் 10 போனாலும் 30 நிற்கும். மேய்ச்சல் போக, ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு 50 கிராம் தானியம் என்றால் மாதம் 45 கிலோ. கிலோ 25 ரூபாய் என்று வைத்தாலும் 1,125 ரூபாய். நாட்டுக்கோழி முட்டையிடத் தொடங்க 6 மாதத்துக்கு மேல் ஆகும், அதுவரை செலவுதான். முட்டையும் பண்ணைக்கோழி போலத் தினமும் வராது. பத்துப் பன்னிரண்டு இட்டுவிட்டு அடைக்கு உட்காரும், 21 நாள் எழுந்திருக்காது, குஞ்சு பொரித்தால் அதோடு சில வாரம் திரியும். ஆண்டுக்கு 60 முட்டை கிடைத்தால் நல்ல கோழி என்பார்கள். ஆகவே முட்டையை நம்பி இதில் இறங்காதீர்கள். சேவல்களை ஆடி மாதத்துக்கும் தீபாவளிக்கும் விற்று, பெட்டைகளை அடைக்கு வைத்துக் குஞ்சைப் பெருக்குகிறவர்களுக்குத்தான் கையில் காசு நிற்கிறது. குப்பைக்குழியும் புளியமர நிழலும் உள்ள வீட்டுக்கு இது தோது. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊர் காயும் காய்ச்சலில், தகரக் கொட்டகைக்குள் கோழி வாயைத் திறந்துகொண்டு இளைக்கும். நிழலில்லாத மாடி வீட்டுக்காரர்கள் யோசித்துக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்துச் சண்டையையும் சேர்த்துத்தான்.

முற்றிலும் இலவசமாக ஒன்று உண்டு. அதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கோழிக்கழிச்சல் தடுப்பூசி. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து முறுக்கிக்கொண்டு, ஒரே வாரத்தில் தெருவையே காலி செய்யும் நோய் அது. வந்தபின் மருந்து கிடையாது. ஆங்கிலப் பெயர் ராணிக்கெட். நம் ராணிப்பேட்டையின் பெயரால் வந்தது என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது உத்தராகண்டிலுள்ள ஒரு மலையூரின் பெயர். ஆனால் ராணிப்பேட்டைக்கும் இதில் பங்கு இருக்கிறது: 1932-ல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அங்கேதான் இருக்கிறது, இந்தத் தடுப்பு மருந்தும் அங்கே தயாராகிறது. பிப்ரவரியில் இரண்டு வாரம் ஊர் ஊராக முகாம் நடக்கும்; மற்ற நாட்களில் கால்நடை மருந்தகத்தில் கேட்க வேண்டும், பெரும்பாலும் சனிக்கிழமைகளில் போடுவார்கள். குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 8 வார வயதில் இறக்கையில் ஊசி. கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், ஒரு குப்பியோ நூறு கோழிக்குப் போதும். அதனால் உங்கள் ஐந்து கோழியோடு போகாமல், தெருவோடு சேர்ந்து போங்கள். குஞ்சு கைக்கு வரும்போதே எந்தத் தடுப்பூசி முடிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வதும் நல்லது.

செத்தால் இழப்பீடு உண்டா என்று கேட்பார்கள். வெள்ளம், புயல் போன்ற பேரிடரில் செத்தால் கோழிக்கு 100 ரூபாய். தெருநாய் கடித்துக் கொன்றால் 200 ரூபாய் என்று 2025-ல் உயர்த்தினார்கள். கீரிக்கும் பருந்துக்கும் எதுவும் இல்லை. கேட்க நினைத்தால் புதைப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் சொல்லிவிடுங்கள். புதைத்தபின் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பறவைக் காய்ச்சல் கதை வேறு. சித்தூர் எல்லை நமக்குக் கைக்கெட்டும் தூரம்; ஆந்திராவில் நோய் என்றால் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியில் மருந்து தெளிப்பார்கள். நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழிகளை, கொல்லைக் கோழி உள்பட, அழித்துவிடுவது விதி. இதற்கு அரசு இழப்பீடு தரும், ஒளித்து வைத்தால் அதுவும் போகும்.

இதைவிடப் பெரிதாகச் செய்ய விரும்புவோருக்கு 250 கோழிப் பண்ணைத் திட்டம் இருக்கிறது. 625 சதுர அடி நிலம் வேண்டும். கொட்டகை, தீவனத் தட்டு, 4 மாதத் தீவனம் ஆகியவற்றில் பாதிக்கு மானியம், ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். 250 குஞ்சுகள் இலவசம். 3 ஆண்டு நடத்துவதாக உறுதி எழுதித் தர வேண்டும். மாவட்டத்துக்குச் சில பேருக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், அனுபவம் இல்லாமல் முதல் அடியிலேயே இதற்கு ஆசைப்பட வேண்டாம். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி பற்றி விசாரித்துவிட்டு இறங்கலாம்.

மனுவுக்கு ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய் உதவி மருத்துவரைப் பாருங்கள். கணவரை இழந்தவர் என்றால் அதற்கான சான்றையும் வாங்கி வையுங்கள். பெயர் தேர்வாகிக் குஞ்சு வந்து சேர மாதக்கணக்காகும். கூண்டுக்குக் கம்பிவலை வாங்க அந்த அவகாசம் போதும்.