லேர்ன் என்றால் ‘படி’ இல்லை

தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த பெண், மறுநாள் மாலை திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் வகுப்புக்கு வந்து, தோளிலிருந்து பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: “நான் சொன்னதில் என்ன தப்பு மேடம்?”

அவள் சொன்னது, “ஐ ஹேவ் லேர்ன்ட் இங்கிலீஷ்.” எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, அப்படியானால் இனிமேல் ஆங்கிலத்திலேயே பேசலாமே என்றிருக்கிறார். அதன் பிறகு அவளுக்கு வாய் எழவில்லை.

இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. அவள் சொல்ல நினைத்தது, பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்தேன் என்பது. அவர் காதில் விழுந்ததோ, ஆங்கிலம் எனக்குக் கைவந்துவிட்டது என்பது. ‘ஐ ஸ்டடீட் இங்கிலீஷ் அட் ஸ்கூல்’ என்றிருந்தால் அவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

குற்றம் அவளுடையது அல்ல. தமிழில் ‘படி’ என்ற ஒரே வினை நாலு ஆள் வேலையைச் செய்கிறது. செய்தித்தாள் படிக்கிறோம், கல்லூரியில் படிக்கிறோம், பரீட்சைக்குப் படிக்கிறோம். கச்சேரிக்குப் போய்வந்த பெரியவர் பாட்டைக்கூட ‘நன்றாகப் படித்தார்’ என்பார். ஆங்கிலத்தில் செய்தித்தாளுக்கு ரீட், கல்லூரிக்கும் பரீட்சைக்கும் ஸ்டடி. லேர்ன் இந்த வரிசையிலேயே இல்லை. ஸ்டடி என்பது நாம் போடும் உழைப்பு. லேர்ன் என்பது நமக்குள் வந்து சேர்வது. உழைக்காமலும் சேரலாம்: தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பிள்ளை நீச்சலை ஸ்டடி செய்வதில்லை, ஆனால் ஆறு வயதுக்குள் லேர்ன் செய்துவிடுகிறது. உழைத்தும் சேராமல் போகலாம்: ‘ஐ ஸ்டடீட் ஃபார் த்ரீ அவர்ஸ், பட் ஐ லேர்ன்ட் நத்திங்’ என்பது சுத்தமான ஆங்கில வாக்கியம். இதையே ‘மூன்று மணி நேரம் படித்தேன், ஒன்றும் படிக்கவில்லை’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், வீட்டில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று இரண்டு பத்தியாக அச்சடித்த கையடக்கப் புத்தகங்களைப் பஸ்ஸில் விற்கிறார்களே, அவற்றின்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. என் வகுப்பில் ஒரு தையல்கார அம்மா, புதிதாகக் குடிவந்த தெருவைப் பற்றி எழுதும்போது, ‘ஐ லேர்ன்ட் வித் மை நெய்பர்ஸ்’ என்று எழுதியிருந்தார். அரை நிமிடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. தையல் பழகினேன் என்பதற்கு லேர்ன் என்று முந்தின வாரம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அக்கம்பக்கத்தாரோடு பழகினேன் என்பதற்கும் அதையே எடுத்துப் போட்டிருக்கிறார். தமிழ்ப் ‘பழகு’ கைக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு. ஆங்கில லேர்ன் மனிதரோடு ஒட்டாது.

இன்னொரு பிழை வேறு திசையிலிருந்து வந்தது. புதுச்சேரியிலிருந்து வந்துபோன மாணவி ஒருத்தி, ‘மை கிராண்ட்ஃபாதர் லேர்ன்ட் மீ சைக்கிளிங்’ என்று திரும்பத் திரும்ப எழுதுவாள். டீச் என்று நான் எத்தனை முறை திருத்தியும் போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் குடும்பம். அவள் வீட்டில் பிரெஞ்சும் கொஞ்சம் புழங்குகிறது. பிரெஞ்சு மொழியின் ‘அப்ராந்த்ர்’ கற்பதற்கும் ஆகும், கற்பிப்பதற்கும் ஆகும். ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகள் நெய்வேலிக்கு ‘அப்ரண்டிஸ்’ ஆகப் போகிறார்களே, அந்தச் சொல்லின் வேரும் அதுவே. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் லேர்ன் என்றால் கற்பி என்றும் பொருள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு வாக்கில் அது நல்ல எழுத்திலிருந்து விலகிக் கொச்சைப் பேச்சோடு நின்றுவிட்டது. ‘தட்’ல் லேர்ன் யூ’ என்று இன்றும் சிலர் சொல்வது, ‘உனக்கு நல்ல பாடம்’ என்பது போல. பரீட்சையில் மட்டும் எழுதிவிடாதீர்கள். தமிழில் இந்தத் தொல்லை கிடையாது: கல், கற்பி என்று ஈற்றை மாற்றினால் போதும், யார் மாணவர், யார் ஆசிரியர் என்பது தெளிவாகிவிடும்.

மனப்பாடத்துக்கு வருகிறேன். ‘ஐ பைஹார்ட்டட் தி ஆன்சர்’ என்பது நம் ஊர்ப் பள்ளிகளின் சொந்தத் தயாரிப்பு. பை ஹார்ட் வினைச்சொல் அல்ல. அதற்கு முன்னால் லேர்ன் வேண்டும்: ‘ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்.’ ஆசிரியர்களே கரும்பலகையில் தவறாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் பிள்ளைகளைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை.

செய்தித்தாளில் வேறொரு லேர்ன் இருக்கிறது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர் ஒருவர், ‘இட் இஸ் லேர்ன்ட் தட் தி பிரிட்ஜ் வில் பி க்ளோஸ்ட்’ என்ற வரியை ‘பாலம் மூடப்படும் என்று கற்கப்பட்டது’ என மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். இங்கே லேர்ன் என்றால் தகவல் தெரியவருவது. நம் நாளிதழ்களின் ‘எனத் தெரிகிறது’தான் அது. இரங்கல் கடிதத்தில் ‘தங்கள் தந்தையார் மறைந்த செய்தி அறிந்து’ என்று எழுதுகிறோமே, அந்த ‘அறிந்து’வும் இதே லேர்ன்.

உச்சரிப்பு, எழுத்து இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயர், நியர், டியர் பழக்கத்தில் ‘லியர்ன்’ என்று சொல்லாதீர்கள். ஏர்லி, ஏர்த் ஆகியவற்றின் ஒலிதான் இதற்கும். இறந்தகால வடிவம் டி (t) எழுத்தில் முடிந்தாலும் ஈடியில் (ed) முடிந்தாலும் சரி. அமெரிக்கர்களுக்கு ஈடிதான் பழக்கம். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரை ‘மை லேர்னெட் ஃப்ரெண்ட்’ என்கிறார்களே, அங்கே மட்டும் அது இரண்டு அசையாக ஒலித்துக் கற்றறிந்தவர் என்றாகிவிடும்.

இந்தச் சொல்லின் மூதாதையைத் தேடிப் போனால், தடத்தைப் பின்பற்றிச் செல்வது என்ற பொருளில் போய் நிற்கிறது. செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் கால் வடிவக் கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘லாஸ்ட்’ என்று பெயர். அதுவும் இதே வேரில் கிளைத்தது. என் தையல்கார அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. வெட்டிய துணியில் சுண்ணக்கட்டிக் கோட்டின்மேலேயே தைத்துப் போவதும் தடம் பிடிப்பதுதானே என்றார்.

அவர் இப்போது ஸ்கூட்டர் ஓட்டப் பழகுகிறார். போக்குவரத்து விதிகளைப் படித்துக் கணினியில் தேர்வு எழுதி எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் வாங்கிவிட்டார், 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டப் போக முடியும். போன வாரம் போய் எட்டுப் போட்டிருக்கிறார். இரண்டாவது வளைவில் கால் ஊன்றிவிட்டாராம்.

“விதி எல்லாம் ஸ்டடி ஆகிவிட்டது மேடம், எட்டுதான் இன்னும் லேர்ன் ஆகவில்லை” என்றார். அவருடைய நோட்டில் ‘ஐ ஆம் ஸ்டில் லேர்னிங்’ என்று எழுதிக் கொடுத்தேன்.