கரையும் சாரக்கட்டும் வளரும் எலும்பும்

விபத்தில் கீழ்க்கால் எலும்பு நொறுங்கி, சில சென்டிமீட்டர் நீளத்துக்கு எலும்பே இல்லாமல் வருகிறவர்களிடம் இடுப்பெலும்பிலிருந்து ஒட்டு எடுத்து வைக்க வேண்டும் என்றால், "ஆய்வகத்திலேயே எலும்பை வளர்த்து வைத்துவிடுகிறார்களாமே, டாக்டர்?" என்ற கேள்வி இப்போதெல்லாம் தவறாமல் வருகிறது. கேள்வி நியாயமானதே. இடுப்பில் ஒட்டு எடுத்த இடம் சிலருக்கு மாதக்கணக்கில் வலிக்கும்; எடுக்கக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு.

ஆனால் எலும்பு மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் 'எலும்புப் பொடி' என்று சொல்லி வைப்பது ஆய்வகத்தில் வளர்த்த எலும்பன்று; பெரும்பாலும் செல்கள் ஏதுமற்ற சாரக்கட்டுதான், அதாவது புதிய எலும்பு பற்றி வளர்வதற்கான தற்காலிகத் தாங்கு பொருள். ரவை போன்ற அந்த வெள்ளைத் துகள்களை நோயாளியின் ரத்தத்திலேயே குழைத்து, ஈரமணல்போலச் சேர்ந்து வந்ததும் இடைவெளியில் இட்டு நிரப்புகிறோம். துகளுக்குள் ஒன்றோடொன்று இணைந்த நுண்துளைகள் இருக்க வேண்டும்; அவை ஏறத்தாழ 300 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் இருந்தால் புதிய ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைவது எளிதாகிறது. ரத்தக் குழாயிலிருந்து 200 மைக்ரானுக்கு அப்பால் இருக்கும் செல்லுக்குப் பிராணவாயு சரிவரக் கிடைக்காது என்பதால், பெரிய சாரக்கட்டின் நடுப்பகுதிதான் முதலில் தோற்கிறது.

இதைவிடக் கடினமானது, கரையும் வேகத்தை எலும்பு வளரும் வேகத்தோடு பொருத்துவது. சாரக்கட்டு செய்யப் பயன்படும் கால்சியப் பொருள்களில் பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் பொதுவாக ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் கரைந்து எலும்புக்கு இடம் விடுகிறது. உயர்வெப்பத்தில் சுட்ட ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற மற்றொன்றோ ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். பாலிலாக்டிக் அமிலம் போன்ற பாலிமர்கள் (பிளாஸ்டிக் வகைப் பொருள்கள்) உடல்நீரால் சிதைந்து லாக்டிக் அமிலமாகி, முடிவில் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறுகின்றன என்பது உண்மைதான். ஆனால் பெரிய பாலிமர்த் துண்டு ஒன்று உள்ளிருந்து வேகமாகச் சிதைந்தால், தேங்கும் அமிலம் கிருமியே இல்லாமல் வீக்கத்தையும் நீர்க்கசிவையும் உண்டாக்கக்கூடும். இன்னொரு பாலிமரான பாலிகேப்ரோலாக்டோன் மெதுவானது, கரைய இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். எலும்பு வருமுன் கரைந்தால் இடைவெளி திரும்பும், கரையவே இல்லையென்றால் எலும்பு வளர இடமில்லை.

செல்களை ஏற்றிய சாரக்கட்டும் மனிதரிடம் சோதிக்கப்பட்டதுதான். 2001இல் வெளியான ஓர் ஆய்வறிக்கையில், மூன்று நோயாளிகளின் எலும்பு மஜ்ஜைச் செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, இடைவெளியின் வடிவிலேயே செய்த ஹைட்ராக்ஸிஅபடைட் துண்டுகளில் ஏற்றி வைத்திருந்தார்கள். இடைவெளிகள் 4 முதல் 7 சென்டிமீட்டர் வரை. எலும்பு சேர்ந்தது. ஆயினும் வெளிப்பொருத்திகளை (எலும்பு அசையாதபடி தோலுக்கு வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் உலோகச் சட்டங்களை) கழற்ற ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு மேல் வரை ஆயிற்று. சாரக்கட்டு எவ்வளவு நுட்பமானதானாலும் நொறுங்கும் தன்மையுடையது; உடல் எடையைத் தாங்க உலோகத் தகடோ வெளிப்பொருத்தியோ இன்றும் தேவை.

ஆகவே 'ஸ்டெம் செல் (பிற செல்களாக மாறக்கூடிய மூலச்செல்) எலும்பு' என்று பெருந்தொகை கேட்கும் இடங்களில் நிதானம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ரத்தநோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்றத்தைத் தவிர மற்றவை மருத்துவ ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். அப்படி ஆய்வில் சேர்பவரிடம் கட்டணம் கேட்பதே முறையன்று. வைக்கப்படும் பொருளின் பெயரையும் அது கரையும் காலத்தையும் எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தால், எக்ஸ்ரேயில் தெரியும் வெள்ளைத் துகள்கள் மிச்சமிருக்கும் சாரக்கட்டா, செத்த எலும்பா என்று அவர் பிரித்தறிய அந்தக் காகிதம்தான் உதவும்.