சார்ட்டர் விமானம் ‘பட்டய விமானம்’ ஆகுமா?

‘படைவீரர்கள் பட்டய விமானத்தில் அனுப்பப்பட்டனர்’ என்று மொழிபெயர்ப்புச் செய்திகளில் படிக்கும்போதெல்லாம், அந்த விமானம் எந்தக் கல்லூரியில் பட்டயம் வாங்கியது என்று கேட்கத் தோன்றுகிறது. ஒரு விமானத்தை ஆளோடு மொத்தமாக அமர்த்திக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘சார்ட்டர்’ என்பார்கள். அகராதியில் அதற்கு நேரே ‘பட்டயம்’ என்றிருக்கிறது. எடுத்து ஒட்டியாயிற்று, வேலை முடிந்தது.

பாப்பிரஸ் தாளைக் குறித்த கிரேக்கச் சொல் இலத்தீனில் ‘கார்ட்டா’ ஆகி, அதன் சிறுவடிவமான ‘கார்ட்டுலா’ பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் ‘சார்ட்டர்’ ஆனது. ஆங்கிலத்தில் அதற்குக் கிளை இரண்டு. ஒன்று, அரசர் உரிமை வழங்கும் ஆவணம். எடின்பரோ கணக்காளர் சங்கம் 1854இல் பெற்றது அதைத்தான். ஆகவே ‘பட்டயக் கணக்காளர்’ என்பதில் எனக்குச் சண்டையில்லை. மற்றொன்று துறைமுகத்தில் வளர்ந்தது. கப்பலை அமர்த்தும் ஒப்பந்தத்தை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே வெட்டி, ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். ‘வெட்டிய தாள்’ என்று பொருள்படும் ‘கார்ட்டா பார்ட்டிட்டா’தான் இன்றைய ‘சார்ட்டர் பார்ட்டி’. விமானத்துக்கு வந்தது இந்தக் கிளை. இதில் அரசரும் இல்லை, செப்பேடும் இல்லை.

‘தனி விமானம்’ என்றால் தொழிலதிபர் ஏறிப்போவது என்றே நம் வாசகர் நினைப்பார். ‘வாடகை விமானம்’ பாதி சரி. ஆனால் வாடகை சைக்கிளை நாமே மிதிக்க வேண்டும். சார்ட்டரிலோ விமானி, பராமரிப்பு, காப்பீடு எல்லாம் நிறுவனத்தின் பொறுப்பு. வண்டியையும் அமர்த்துகிறோம், வக்கீலையும் அமர்த்துகிறோம். ஊர்தியும் ஆளும் சேர்ந்து வருவதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் வினை அதுதான். ‘அமர்த்து விமானம்’ என்பேன். சுடுசோறு போல வினைத்தொகை. காதுக்குப் புதிது என்பவர்கள் ‘அமர்த்திய விமானம்’ என்று எழுதட்டும், தடையில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம், சொல் பிசகினால் செலவுக் கணக்கும் பிசகுகிறது என்பதே. அமெரிக்கா 1951இல் ‘சிவில் ரிசர்வ் ஏர் ஃப்ளீட்’ என்ற ஏற்பாட்டைச் செய்தது: நெருக்கடி வந்தால் விமான நிறுவனங்கள் விமானத்தையும் பணியாளரையும் தர வேண்டும், கைம்மாறாக அமைதிக்காலத்திலும் படைத்துறையின் போக்குவரத்து வேலை அவற்றுக்குக் கிடைக்கும். கூப்பிட்டால் வருவதற்கான விலை இது. எந்த வாடகை ரசீதிலும் வராது. ஒருவழிப் பயணத்துக்கு அமர்த்தினாலும் விமானம் காலியாகத் திரும்பும் செலவைக் கட்டணத்தில் ஏற்றியாக வேண்டும். வழக்கமான காப்பீடு போர் ஆபத்தை ஏற்காது என்பதால் அதற்கும் அரசே பொறுப்பேற்கிறது. 1985இல் கனடாவின் காண்டரில் அமர்த்து விமானம் ஒன்று விழுந்து, எகிப்தின் சினாயிலிருந்து ஊர் திரும்பிய 248 அமெரிக்க வீரர்களும் 8 விமானப் பணியாளரும் இறந்தார்கள். அதன்பிறகு இப்படி அமர்த்தும் நிறுவனங்களைப் படைத்துறையே சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சோதனைக்கும் ஆள் வேண்டும், பணம் வேண்டும்.

அந்த ஏற்பாட்டை முதன்முதலில் முடுக்கியது 1990இல், வளைகுடா நெருக்கடியின்போது. 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தான் வெளியேற்றத்துக்காக 18 விமானங்களை அழைத்தபோது அவை காபூலுக்குள் போகவில்லை. அங்கிருந்து வெளியேறி இடைத்தளங்களில் காத்திருந்தவர்களை ஏற்றிச் சென்றன. அதைத் தமிழில் ‘கையகப்படுத்தியது’ என்று எழுதினால் பறிமுதல் போலத் தொனிக்கும். நடந்தது, முன்பே போட்ட ஒப்பந்தப்படி அழைத்தது.

இந்த ஏற்பாட்டின் பெயரிலுள்ள ‘ஃப்ளீட்’டைப் ‘படை’ என்று பெயர்ப்பது இன்னொரு கொடுமை. கடற்படைச் செய்தியில் பழகிய கை, பயணிகள் விமானத்துக்கும் படைக்கோலம் பூட்டிவிடுகிறது. ‘விமானத் தொகுதி’ என்றால் போதும்.