நினைவக ஒதுக்கி: ஒதுக்கியதெல்லாம் கொடுத்ததாகுமா?

லினக்ஸில் டீஃபால்ட் மெமரி அலொக்கேட்டரை மாற்றுவது பற்றியது இது. அதற்கு முன் சொற்களைப் பார்ப்போம். ‘மெமரி அலொக்கேட்டர்’ என்பதைத் தமிழில் நினைவக ஒதுக்கி என்கிறோம். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் ‘100 பைட் வேண்டும்’ என்று கேட்கும். ஒதுக்கி நினைவகத்தில் ஓரிடத்தைக் காட்டும். நிரல் அதைத் திரும்ப விடும்வரை வேறு யாருக்கும் அதே இடத்தைத் தராமல் கணக்கு வைத்துக்கொள்ளும். சி மொழியில் இதன் வாசல் ‘மல்லாக்’ என்ற செயற்கூறு. 1979இல் வந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலேயே இந்தப் பெயர் இருக்கிறது. மெமரி அலொக்கேஷன் என்பதன் சுருக்கம்தான் அது; மல்லாக்கப் படுப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீன். ‘லோகுஸ்’ என்றால் இடம். நாம் அன்றாடம் சொல்லும் ‘லோக்கல்’ அதே வேரில் பிறந்தது. அதிலிருந்து வந்த ‘அல்லோகாரே’ என்ற வினைக்கு, ஒன்றை ஒருவர் பேரில் ஓரிடத்தில் வைப்பது என்று பொருள். தமிழின் ‘ஒதுக்கு’ வேறு வழியில் வருகிறது. மழைக்குத் திண்ணையில் நாம் ஒதுங்குகிறோம். பிறவினையாகும்போது அது ஒதுக்குவது. ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தல் என்ற கசப்பான பொருளும் இதற்கு உண்டு, இட ஒதுக்கீடு என்ற பொருளும் உண்டு. கணினிக்கு மிக நெருங்கி வருவது இரண்டும் அல்ல, நிதி ஒதுக்கீடுதான்.

பட்ஜெட்டில் ஒரு துறைக்கு நிதி ஒதுக்கிவிட்டால் பணம் அன்றே கைக்கு வந்துவிடாது. செலவுக்கு எடுக்கும்போதுதான் கருவூலத்திலிருந்து இறங்கும். லினக்ஸ் நினைவகமும் அப்படித்தான். ஒரு நிரல் மல்லாக்கிடம் 1 ஜிகாபைட் கேட்டால் முகவரிகள் உடனே கிடைக்கும், உண்மையான ராம் கிடைக்காது. நினைவகத்தைச் சம அளவுத் துண்டுகளாகப் பிரித்ததில் ஒரு துண்டுக்குப் பக்கம் என்று பெயர். நிரல் ஒரு பக்கத்தில் முதல் பைட்டை எழுதும்போதுதான் இயங்குதளத்தின் மையமான கருநிரல் (கெர்னல்) அந்தப் பக்கத்துக்கு ராமைக் கொடுக்கும். ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையில் விர்ட் என்ற நெடுவரிசை ஒதுக்கீட்டுக் கணக்கு, ரெஸ் என்பது உண்மையில் ராமில் இருப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘என் நிரல் 20 ஜிகாபைட் தின்கிறது’ என்று பதறுவோர் பலர். இடத்தைச் சொல்லும் இலத்தீன் வேரைவிட, எடுத்துத் தனியே வைப்பதைச் சொல்லும் நம் ‘ஒதுக்கு’ இதற்குப் பொருத்தம் என்றே தோன்றுகிறது.

சொல்லில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணினி, இயக்கி, செயலி போல இகர விகுதி சேர்த்து ‘ஒதுக்கி’ ஆக்கினோம். ஆனால் ‘ஒதுக்கி’ வினையெச்சமும்கூட. ‘ஒதுக்கி மாற்றினோம்’ என்று எழுதினால், மாற்றியது ஒதுக்கியையா, ஒதுக்கிவிட்டு வேறெதையோ மாற்றினோமா? வினையெச்சம் வேற்றுமை உருபு ஏற்காது. எனவே ஒதுக்கியை, ஒதுக்கியால், ஒதுக்கிக்கு என்று உருபோடு எழுதினால் குழப்பம் தீரும். எழுவாயாக வரும்போது ‘நினைவக ஒதுக்கி’ என்று முழுத்தொடராக எழுதுவது நல்லது. ‘ஒதுக்கீட்டாளர்’ என்று எழுதினால் நாற்காலியில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

அடுத்த சொல் ‘டீஃபால்ட்’. இயல்புநிலை, முன்னிருப்பு, கொடாநிலை என மூன்று தமிழ்ச் சொற்கள் புழங்குகின்றன. ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது தவறுதல். கடன் கட்டத் தவறுவதும் டீஃபால்ட்தான். நாம் எதையும் தேர்ந்து கொடுக்கத் தவறினால் எது நடக்குமோ அதுவே கணினியில் டீஃபால்ட். அந்த வகையில் ‘கொடாநிலை’தான் மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

அப்படியானால் கொடாநிலை ஒதுக்கி யாருடையது? இயங்குதளத்துடையது என்று சொல்வது பாதி உண்மை. கருநிரல் மொத்த வியாபாரி. பெரும்பாலான கணினிகளில் 4,096 பைட் கொண்ட பக்கங்களாகத்தான் தரும். அதை வாங்கிச் சில்லறையில் 24 பைட், 100 பைட் என்று பிரித்துக் கொடுப்பது சி நூலகம். சாதாரண லினக்ஸில் அது ஜிலிப்சி. அதன் ஒதுக்கி, டக் லீ 1987இல் எழுதத் தொடங்கிய டிஎல்மல்லாக்கின் வழிவந்தது. உல்ஃப்ராம் குளோகர் பல இழைகளுக்கு (த்ரெட், ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஏற்றதாக மாற்றிய பிடிமல்லாக் இடையில் வருகிறது. ஒதுக்கியை மாற்றுவது என்றால் இந்தச் சில்லறைக் கடையை மாற்றுவது. கருநிரலைத் தொட வேண்டியதில்லை.

சில்லறைக் கடைக்கு அளவுப் படிகள் உண்டு. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று வைத்திருக்கும் கடையில் ஒன்றரை ஆழாக்கு கேட்டால் உழக்கில்தான் அளப்பார்கள். ஜெமல்லாக் என்ற வேறோர் ஒதுக்கியிடம் 129 பைட் கேட்டால் 160 பைட் படியில் அளக்கும். 31 பைட் வீண். ஜிலிப்சியில் ஒவ்வொரு துண்டுக்கும் 8 பைட் தலைப்பு உண்டு, 64‑பிட்டில் அளவு 16இன் மடங்காக ஏறும். ஆகவே 24 பைட் கேட்டால் 32 பைட் துண்டு, 25 கேட்டால் 48 பைட் துண்டு. இது உள்துண்டாட்டம். விடுவித்த சிறு இடங்கள் நடுநடுவே சிதறி, பெரிய கோரிக்கைக்கு எதுவும் உதவாமல் கிடப்பது வெளித்துண்டாட்டம்.

மாற்றும் தேவை பெரும்பாலும் ‘அரீனா’வில்தான் எழுகிறது. ஒதுக்கி தனிக் கணக்கு வைத்துக்கொள்ளும் ஒரு நினைவகப் பகுதி அது. இலத்தீனில் அது மணல். மணல் பரப்பிய சண்டைக்களம். தமிழில் ‘களம்’ தானாகவே பொருந்துகிறது, நெற்களமும் போர்க்களமும் நமக்கு உண்டே. பல இழைகள் ஒரே களத்தில் மோதிப் பூட்டுக்குக் காத்திருக்காமலிருக்க ஜிலிப்சி புதுக் களங்களைத் திறக்கும். 64‑பிட்டில் உச்சவரம்பு, செயலகத்தின் (ப்ராசஸர்) கருக்களின் எண்ணிக்கையைப்போல் 8 மடங்கு. 16 கரு உள்ள கணினியில் 128 களம். முதன்மைக் களத்தைத் தவிர மற்றவை 64 மெகாபைட் முகவரித் தொகுதிகளாக இடம் பிடிக்கும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 8 ஜிகாபைட் விர்ட். இது மட்டுமென்றால் பயமில்லை. ஒரு களத்தில் விடுவித்த இடம் இன்னொரு களத்து இழைக்கு எளிதில் உதவாது என்பதால் ரெஸ்ஸும் வீங்குவதுதான் தொல்லை. ரூபி சேவையகங்களில் இது அடிக்கடி தலைகாட்டும்.

அதனால் புது ஒதுக்கியைத் தேடுவதற்கு முன் ஒரு சிறு சோதனை: ‘மல்லாக்_அரீனா_மேக்ஸ்’ என்ற சூழல் மாறிக்கு (நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) 2 என்று கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ரெஸ் இறங்கினால் நோய் அங்கேதான். அதிலும் இறங்காமல் நாளுக்கு நாள் நேர்கோடாக ஏறினால் அது பெரும்பாலும் கசிவு, அதாவது நிரல் வாங்கிய இடத்தை விடுவிக்க மறப்பது. கசிவை எந்த ஒதுக்கியும் அடைக்காது.

மாற்றாக வைக்கக்கூடியவை மூன்று முதன்மையானவை. ஜெமல்லாக், ஜேசன் எவன்ஸ் 2005இல் ஃப்ரீபிஎஸ்டிக்காக எழுதியது. முதல் இரண்டு எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகள். டிசிமல்லாக், கூகுளுடையது, இழைக்கொரு சேமிப்பு என்பதே பெயரின் பொருள். மிமல்லாக், 2019இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. லினக்ஸில் ரெடிஸ் என்ற தரவுத்தளத்தைத் தொகுத்தால் (கம்பைல்) ஜெமல்லாக்கே கொடாநிலை. ரஸ்ட் மொழி எதிர்த் திசையில் போனது: 2019 ஜனவரியில் வந்த 1.32இல் ஜெமல்லாக்கைக் கழற்றிவிட்டு இயங்குதளத்தின் ஒதுக்கிக்குத் திரும்பியது. வேண்டுவோர் தம் நிரலில் தாமே அறிவித்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுதொகுப்பு இல்லாமல் மாற்றும் வழி, நிரல் தொடங்கும்போது நூலகங்களை ஏற்றும் இயக்கநேர இணைப்பியிடம் ‘இந்த நூலகத்தை முதலில் ஏற்று’ என்று சொல்வது. டெபியனிலும் உபுண்டுவிலும் லிப்ஜெமல்லாக்2 பொதியை நிறுவுங்கள். அது நிறுவிய நூலகக் கோப்பின் முழுப் பாதையை ‘எல்டி_ப்ரீலோடு’ என்ற சூழல் மாறியில் கொடுத்து நிரலைத் தொடங்குங்கள். லினக்ஸில் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் சேவை என்றால் ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ வழியாகச் சேவைப் பிரிவில் என்விரான்மென்ட் வரியாகச் சேர்த்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். முனையத்தில் ஏற்றுமதி செய்த மாறி சேவைக்குப் போய்ச்சேராது. கணினி முழுவதற்கும் பொருந்தும் ப்ரீலோடு கோப்பு ஒன்று ஈடிசி கோப்பகத்தில் உண்டு. அதைத் தொடாதீர்கள். கோளாறான நூலகத்தை அங்கே எழுதிவிட்டால் அதைத் திருத்தப் போடும் கட்டளையே எழாது.

மாறியதா என்று பார்க்காமல் மாறியதாக நம்புவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பாதையில் ஓர் எழுத்து தவறினாலும் இணைப்பி ஒரு வரி எச்சரிக்கை எழுதிவிட்டுப் பழைய ஒதுக்கியோடு ஓடத் தொடங்கும். அந்த வரி எங்கோ பதிவுக் கோப்பில் கிடக்கும். ப்ராக் கோப்பகத்தில் அந்தச் செயல்முறை எண்ணின் கீழுள்ள ‘மேப்ஸ்’ கோப்பில் ஜெமல்லாக் என்ற பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் மாறவில்லை.

மாறியும் பயனில்லாத இடங்கள் உண்டு. நூலகங்களைத் தனக்குள்ளேயே வைத்து நிலையாக இணைத்த நிரலில் ப்ரீலோடு வேலை செய்யாது. கோ மொழி தன் ஒதுக்கியைத் தானே வைத்திருக்கிறது. ஜாவா தன் பொருள்களை வைக்கும் குவியல் (ஹீப்) மல்லாக் வழியாக வருவதில்லை. பைத்தான் 512 பைட் வரையிலான பொருள்களைத் தன் உள் ஒதுக்கியிலேயே முடித்துக்கொள்ளும். ஓட்டுபவருக்குப் பதில் கோப்பின் உரிமையாளர் அதிகாரத்தில் ஓடும் செட்யுஐடி நிரல்களில் பாதை எழுதிய ப்ரீலோடைப் பாதுகாப்புக்காக இணைப்பி புறக்கணிக்கும். ஆல்பைன் லினக்ஸின் சி நூலகம் மஸ்ல். ஜிலிப்சிக்குத் தொகுத்த கோப்பை அங்கே கொண்டுபோனால் ஏறாது. இன்னொன்று பக்க அளவு: 4 கிலோபைட் பக்கத்துக்குத் தொகுத்த ஜெமல்லாக், 16 அல்லது 64 கிலோபைட் பக்கமுள்ள ஆர்ம் கருநிரலில் ‘ஆதரவில்லாத பக்க அளவு’ என்று சொல்லி நின்றுவிடும். 64 கிலோபைட்டுக்குத் தொகுத்தது சிறிய பக்கங்களிலும் ஓடும்.

சொந்தமாக எழுதுவோருக்கு: மல்லாக், ஃப்ரீ, கேலாக், ரியலாக் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒதுக்குவது உங்களுடையது, விடுவிப்பது ஜிலிப்சியுடையது என்றானால், அடையாளம் தெரியாத சுட்டைக் (பாயின்டர், நினைவக முகவரி) கண்டு ஜிலிப்சி நிரலைக் கொன்றுவிடும். குறிப்பிட்ட எண்ணின் மடங்கான முகவரியில் ஒதுக்கும் செயற்கூறுகளையும், துண்டின் பயன்படும் அளவைச் சொல்லும் செயற்கூற்றையும் மறப்பவர்கள் உண்டு. பின்னதை மறந்தால் ஜிலிப்சி இல்லாத தலைப்பைப் படித்துக் குப்பை எண் தரும். கேலாக் பூச்சியம் நிரப்பினால் போதாது, இரு எண்களின் பெருக்கம் வழிகிறதா என்றும் பார்க்க வேண்டும். 64‑பிட் இன்டெல் கட்டமைப்பில் முகவரி 16இன் மடங்காக இல்லாவிட்டால் பல எண்களை ஒரே நேரத்தில் கையாளும் சில திசையன் கட்டளைகள் அங்கேயே முறியும். மல்லாக்குக்குள் பிழைநீக்கத்துக்காக ‘பிரின்ட்எஃப்’ போட்டால் அது மல்லாக்கை அழைக்கும், முடிவில்லாச் சுழல். ஓர் இழை பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் வேறோர் இழை ஃபோர்க் செய்து செயல்முறையைப் பிரதி எடுத்தால், குழந்தைச் செயல்முறையில் அந்தப் பூட்டைத் திறக்க யாருமில்லை. அடுத்த மல்லாக்கிலேயே தொங்கிவிடும்.

கருநிரலுக்குள்ளும் ஒதுக்கி உண்டு. ஜெஃப் பான்விக் 1994இல் விளக்கிய ‘ஸ்லாப்’ முறை அதில் புகழ்பெற்றது. ப்ரீலோடால் அதை அசைக்க முடியாது. சி++ நூலகத்தில் தரவுகளை வைக்கும் கொள்கலன்களுக்குக் கொடுக்கும் ‘அலொக்கேட்டர்’ வேறு பொருள். அது ஒரு கொள்கலன் எங்கே வாங்க வேண்டும் என்று சொல்லும் வகை மட்டுமே.

கடைசியாக ஒரு சொல்லிணை. நிரல் ஃப்ரீ செய்வதற்கும், ஒதுக்கி பக்கங்களைக் கருநிரலுக்குத் திருப்புவதற்கும் ‘விடுவித்தல்’ என்ற ஒரே சொல்லை எழுதினால் விளக்கம் கெட்டுவிடும். முன்னது விடுவித்தல், பின்னது ஒப்படைத்தல். செலவாகாத நிதியைத் துறை ஆண்டிறுதியில் ஒப்படைப்பது போல. ஜிலிப்சியின் முதன்மைக் களம் வழக்கமாக உச்சியிலிருந்துதான் சுருங்கும். உச்சியில் 32 பைட் துண்டு ஒன்று உயிரோடிருந்தால் கீழே காலியாகக் கிடப்பது அப்படியே நிற்கும். ‘மல்லாக்_ட்ரிம்’ என்று கேட்டால்தான் நடுப் பக்கங்களையும் ஒப்படைக்கும். ஜெமல்லாக் கொடாநிலையில் 10,000 மில்லிவினாடிக் கணக்கில் படிப்படியாக ஒப்படைக்கும். ஆனால் அந்தக் கடிகாரத்தை நிரலின் ஒதுக்கும், விடுவிக்கும் வேலைகள்தான் தட்டிவிடுகின்றன. இரவில் சும்மா கிடக்கும் சேவையகம் பகல் உச்சத்து ராமை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால், ‘மல்லாக்_கான்ஃப்’ மாறியில் ‘பேக்ரவுண்டு_த்ரெட்’ என்பதற்கு உண்மை என்று கொடுங்கள். பின்னணி இழை ஒன்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.